ஓநாய் கடிக்கும்போது கத்துவது நான்தான்

கத்திப் பிழைக்கிற ஆக்கள் உலகத்தில் கனபேர் இருக்கிறார்கள். ஆனால் ஓநாய் கடிக்கிற நேரம் பார்த்துக் கத்திச் சம்பளம் எடுக்கிறவள், எனக்குத் தெரிந்து இந்த மொன்ட்ரியாலில் நான் ஒருத்திதான்.

ஐரோப்பாவின் ஏதோ ஒரு மூலையில் கையில் காசில்லாமல் எடுத்த ஓநாய்ப் படங்களையும் இரத்தக் காட்டேரிப் படங்களையும் மலிவாக வாங்கி, தமிழில் குரல் போட்டு, இன்ரநெற்றில் விடுகிறவர் சந்திரன் அண்ணை. ரொக்ஸ்பரோவில் அவருடைய வீட்டு பேஸ்மென்ற்தான் ஸ்ரூடியோ. எல்லாப் படத்திலும் அதே கோட்டை, அதே புகை, அதே நாலு மரம். காட்டுக்குள் போகாதே என்று ஊரே சொல்லும். வெள்ளைச் சட்டையோடு ஒருத்தி கட்டாயம் போவாள். அவள் போனால்தான் எனக்கு வேலை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆக்களைக் கண்டால் சுவரோடு ஒட்டிவிடுவேன். மூலைக்கடையில் பாலைக்கூட விரலால் காட்டித்தான் வாங்குவேன். இந்த வேலை போனால் வேறு வேலைக்கு நேர்முகத்துக்குப் போய்க் கதைக்க வேண்டும்; அதைவிடக் காட்டேரி கடிக்கலாம். என்னைப்போல வாய்க்குள்ளேயே குடியிருக்கிற ஆக்களே, நீங்களாவது இதை விளங்கிக்கொள்வீர்கள்.

முதல் சாவு

சந்திரன் அண்ணையின் மனைவிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் மைக்குக்கு முன்னால் விட்டா. திரையில் ஓநாய் மனிதன் ஒருத்தியின் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். கத்தினேன் என்று நான்தான் நினைத்தேன். அண்ணை ஹெட்போனைக் கழற்றி, அது வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தார். ஓநாயிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

ஆக்கள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சத்தம் வராது. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. மூலையில் குளிர்காலச் சட்டைகள் தொங்குகிற அலுமாரி ஒன்று இருந்தது. மைக்கைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பத்து ஜக்கெற்றுகளுக்கு நடுவில், இருட்டில், இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. நான் வெளியே வந்தபோது மேல்மாடியில் இருந்து அண்ணையின் மனைவி படியில் பாதி தூரம் ஓடி வந்திருந்தா. அண்ணை மட்டும் சந்தோசமாக இருந்தார்.

"பிள்ளை, இனி நீ இந்த அலுமாரிக்குள்ளைதான் சாகிறாய்."

ஒரேயொரு வசனம்

எங்கள் படங்களைக் கூடுதலாகப் பார்ப்பது தமிழ்நாட்டு ஆக்கள். அதனால் கதாநாயகிகளுக்கு எல்லாம் குரல் கார்த்திகா. சென்னையில் இருந்து வந்து இங்கே யூனிவர்சிற்றியில் படிக்கிற பிள்ளை. கத்துவதற்கு ஊர் வித்தியாசம் இல்லை என்பதால் அது எனக்கு. ஒரு நாள் கார்த்திகாவுக்குப் பரீட்சை. கோட்டைக் கதவைத் தட்டுகிற பெண்ணுக்கு ஒரேயொரு வசனம்; அதை என் தலையில் கட்டினார்கள். வேகமாக வாசிக்க வராது என்பதால் மூன்று நாள் பாடமாக்கினேன்.

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்ததும் பாடமாக்கியது எல்லாம் பறந்தது. "ஐயோ, கெதியாக் கதவைத் திறவுங்கோ, அவன் வாறான்" என்று என் வாயில் வந்தபடி கத்திவிட்டேன். ஐரோப்பாவின் நடுக்காட்டில் யாழ்ப்பாணத்துப் பெண் எப்படி வந்தாள் என்று அண்ணை கேட்டார். ஓநாய் வரலாமாம், யாழ்ப்பாணத்தாள் வரக்கூடாதாம். வசனத்தை வெட்டிவிட்டு, பரீட்சை முடிந்து வந்த கார்த்திகாவைக் கொண்டு திரும்பச் சொல்ல வைத்தார். இரண்டையும் போட்டுக் கேட்ட கார்த்திகா என் காதுக்குள் சொன்னாள்.

"அக்கா, நீங்க சொன்னதுல ஓநாய் வருது, நான் சொன்னதுல கூரியர் வருது."

காட்டேரிக்குப் பல் பார்த்தவர்

எங்கள் காட்டேரி கர்க்லாண்டில் இருந்து வருவார். நாற்பது வருடம் பல் டொக்டராக இருந்து ஓய்வெடுத்தவர், தமிழ்நாட்டுக்காரர். பேரப்பிள்ளைகள் தமிழில் கதைப்பதில்லை என்பதால், தமிழில் கதைக்க ஒரு இடம் வேண்டும் என்று இங்கே வந்து இரத்தம் குடிக்கிறார். நல்ல கனமான குரல். ஒரேயொரு கரைச்சல், திரையில் யார் வாயைத் திறந்தாலும் அவர் வசனத்தை விட்டுவிட்டுப் பல்லைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு முறை ஐந்நூறு வயதுக் காட்டேரி சவப்பெட்டியில் இருந்து எழும்பிச் சிரிக்கிற கட்டம். அதன் கையில் மணிக்கூடு கட்டியிருந்ததை நாங்கள் எல்லாரும் கண்டோம், டொக்டர் காணவில்லை. நான் அலுமாரிக்குள் ஹெட்போனோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு என் சாவுக்குக் காத்திருக்கிறேன். கடி விழவேயில்லை. கதவை நீக்கி எட்டிப் பார்த்தால், டொக்டர் படத்தை நிறுத்தி வைத்துத் திரைக்குக் கிட்டப் போய் நிற்கிறார்.

"சந்திரன், இந்தப் பல்லை வச்சுக்கிட்டு இவனால ஒரு இட்லியைக் கடிக்க முடியாது, கழுத்தை எங்க கடிக்கிறது?"

கார்தெரியில் விசாரணை

என் மகளுக்கு நாலு வயது. பகலில் அவளைப் பார்த்துக்கொள்கிற கார்தெரியில், அம்மா அப்பா என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவை ஓநாய் கடிக்கும், அம்மா கத்துவா, பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போக வருவா என்று இவள் வடிவாகப் பிரெஞ்சில் சொல்லி வைத்திருக்கிறாள்.

அன்று பின்னேரம் ரீச்சர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கதிரை போட்டா. கையைப் பிடித்தா. தண்ணீர் தந்தா. என் வாயில் வருகிற பிரெஞ்சு வணக்கத்துக்குப் போன்ஜூர், நன்றிக்கு மெர்சி இரண்டும்தான். பயத்தில் மெர்சி, மெர்சி என்றேன். அதைக் கேட்டு அவவின் கண் இன்னும் கலங்கிவிட்டது. கடைசியில் மெதுவாக, எனக்கே விளங்குகிற பிரெஞ்சில் கேட்டா.

"மடாம், அந்த ஓநாய் உங்கள் வீட்டிலேயா இருக்கிறது?"

முன்கூட்டியே செத்து வைத்தது

இனி வருவது நானே என் தலையில் போட்ட மண். பெப்ரவரியில் மகளுக்குக் காய்ச்சல். இரண்டு முறை வேலைக்குப் போக முடியவில்லை. அண்ணை வேறு ஆளைப் பிடித்துவிடுவாரோ என்று பயம். நேரே சொல்ல வெட்கம். ஒரு கடதாசியில் எழுதி அண்ணையின் கீபோர்ட்டுக்கு மேல் வைத்தேன். நான் வராத நாளுக்கும் உதவும், கொஞ்சக் கத்தலை இப்பவே எடுத்து வையுங்கோ என்று.

எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள். மகளுக்குச் சுகமானதும் ஒரு கிழமை முழுக்க அலுமாரிக்குள் நின்று கத்தினேன். தூரத்தில் கண்டது, கிட்டத்தில் கண்டது, பல் பட்டது, பல் இறங்கியது, படியால் விழுந்தது. நாற்பது சாவு. அண்ணை ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டுக் கொம்பியூட்டரில் அடுக்கினார். அடுத்த கிழமை, நான் போகிறதுக்குச் சப்பாத்தைக் கொழுவுகிற நேரம் அண்ணையின் போன் வந்தது.

"இனி நீ மினக்கெட்டு வரத் தேவையில்லை பிள்ளை, உன்ரை கத்தல் எல்லாம் இஞ்சை பத்திரமா இருக்கு."

நான் இல்லாத படம்

மூன்று கிழமை வீட்டில் இருந்தேன். வேலைக்கு ஆள் தேவை என்ற நம்பர் ஒன்றைப் போனில் அடித்து, மற்றப் பக்கம் அலோ என்றதும் வைத்தேன். இப்படி நாலு முறை. அந்த நேரம் கார்த்திகா புதுப் படத்தை அனுப்பினாள். அதில் பணிப்பெண்ணும் நான், மணப்பெண்ணும் நான், மணப்பெண்ணின் தாயும் நான். அவசரத்தில் அண்ணை ஒரே கத்தலை எல்லாருக்கும் போட்டிருந்தார். அந்தப் படியால் விழுகிற கத்தல்தான் மாப்பிள்ளையைக் கண்ட மணப்பெண்ணுக்கும். அது மட்டும் பொருத்தமாக இருந்தது என்று கலியாணம் கட்டிய யாரும் சொல்வார்கள்.

படத்துக்குக் கீழே சனம் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். மதுரையில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார்.

"இந்தப் பொண்ணுதான் இருபதாவது நிமிஷமே செத்துடுச்சே, இப்ப மறுபடியும் யாரு கத்துறது?"

மைக் இல்லாமல்

அடுத்த நாளே அண்ணை கூப்பிட்டார். போனேன். இன்னும் ஐம்பது கத்தல் வேண்டுமாம், வித்தியாசம் வித்தியாசமாக. பிறகு ஒரே கத்தல் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்களாம். டொக்டரும் கார்த்திகாவும் பக்கத்தில் இருந்தார்கள். பழக்கதோசத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு அலுமாரிக்குள் போய்விட்டேன். உள்ளே போன பிறகுதான் மண்டையில் ஏறியது: இந்த ஐம்பதையும் கொடுத்தால், பிறகு என்னைக் கூப்பிடத் தேவையே வராது. நானே என் சவப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொடுக்கிறேன்.

கத்தாமல் வெளியே வந்தேன். மைக்கை மேசையில் வைத்துவிட்டு, "சேமிச்சு வைக்கத் தரமாட்டன் அண்ணை. ஒவ்வொரு படத்துக்கும் நான் வந்துதான் சாவன்" என்றேன். அந்த நாற்பதையும் அழிக்கச் சொல்லியும் கேட்டேன். இரண்டு வசனம் சேர்ந்தாற்போல் நான் கதைத்ததை அங்கே யாரும் கேட்டதில்லை. அண்ணை உதவிக்கு டொக்டரைப் பார்த்தார். டொக்டரோ இந்தப் பெண் வராவிட்டால் தான் யாரையும் கடிப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டு, தன் ஜக்கெற்றை எடுத்து மாட்டத் தொடங்கினார். கார்த்திகாவும் எழும்பினாள். அண்ணை பெருமூச்சு விட்டு, என் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு சாவாக அழித்தார். கடைசி ஒன்றையும் அழித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"செவ்வாயும் வியாழனும் வா. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஓநாயும் லீவு எடுக்கட்டும், சரியோ?"

ஓநாய்க்குப் பயப்படத் தேவையில்லை, அதன் வேஷச் சட்டையின் முதுகில் ஜிப் தெரியும். சம்பளம் தருகிற மனிசரின் முதுகில் அப்படி ஒன்றும் தெரியாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட ஒரே திகில்.