சுடாத மேலு

எம் வெரலு பத்தும் விரிஞ்ச அன்னிக்கு நான் செஞ்ச மொத வேல, ரசஞ்சோத்தப் பெசஞ்சு அள்ளித் தின்னதுதான். சிரிக்காதீக. ரெண்டு வருசமா மருமக கரண்டியில ஊட்டித் தின்னவளுக்குத்தான் அந்த ருசி தெரியும். கரண்டியில திங்கிற சோறு தகரம் கணக்கா இருக்கும். அதுலயும் எங்க வீட்டுக் கரண்டி காம்பு ஆடும். பாதி சோறு வாய்க்கு, பாதி நெஞ்சுக்கு. அன்னிக்கு நான் தட்ட வளிச்சு நக்குனதப் பாத்து மருமக, "அத்த, தட்டுல பூப்போட்டிருக்கு, அதையும் தின்னுறாதீக"ன்னா. எனக்குச் சந்தோசந்தான்.

மூட்டுவாதம். விடிஞ்சு எந்திரிச்சா ரெண்டு கையும் மூடுன மூட்டயா இருக்கும். சீலக் கொசுவம் செருக முடியாது. வெடிக் கம்பெனியில பாக்கிங் செட்டுல லேபிள் ஒட்டுற வேல எனக்கு. கொமரியா இருக்கையில எங் கையி பறக்கும். அந்தக் கையி மூடிக்கிட்டா எப்பிடி இருக்கும்? மூஞ்சி கழுவக்கூட இன்னொருத்தி வேணும்.

மதுரப் பெரியாஸ்பத்திரிக்கு மருமகதான் கூட்டிட்டுப் போனா. அங்கன இருந்த டாக்டரம்மா பொறுமசாலி. என்னமோ புரதம் அது இதுன்னாக. "தாயி, எனக்குக் கையெளுத்தே வராது, வெளங்குறாப்புல சொல்லுங்க"ன்னேன். சொன்னாக.

நம்ம ரத்தத்துல வெள்ள அணுன்னு காவக்காரங்க இருக்காகளாம். எலும்புக்குள்ள இருக்குற மஜ்ஜையிலதான் பொறக்குறது. பொறந்த புதுசுல அதுகளுக்கு ஒண்ணுந் தெரியாது. இந்தப் புரதந்தான் ஒடம்பு பூரா சேதி கொண்டு போகுமாம். நீ வளரு, நீ இந்த வேலையப் படி, நீ அங்கன ஓடு, கிருமி வந்துருக்கு அடி, போதும் நிப்பாட்டுன்னு. சேதி வந்தாத்தான் அதுக வேலக்காரனாகும். எம் ஒடம்புல ஒரு சேதி மட்டும் நிக்காம வந்துக்கிட்டே இருக்காம். கிருமியே இல்லாதப்பயும் அடி அடின்னா, அதுக எத அடிக்கும்? எம் மூட்டத்தான் அடிச்சிருக்கு. எனக்கு நல்லா வெளங்குச்சு. லாரி போயிருச்சு, செட்டுல சரக்கே இல்ல, இன்னமும் வெளிய நின்னு ஒருத்தன் லோடு ஏத்து, லோடு ஏத்துன்னு கத்துனா, உள்ள இருக்குறவ அலமாரியப் பேத்து ஏத்துவா. வேற என்ன செய்வா?

"இந்த ஊசி அந்தக் காவக்காரங்க காதுல பஞ்சு வச்ச மாதிரிம்மா. சேதி கேக்காது. வெரலு விரியும்"னாக. கூடவே இன்னொண்ணும் சொன்னாக. "காய்ச்சல் வர்றதுக்கும் இதே சேதிதான் வேணும். ஊசி போட்டா, உள்ள புண்ணு சீழு வச்சாக்கூட ஒடம்பு சுடாமப் போகலாம். சுடலையேன்னு வீட்டுல இருந்துறாதீங்க. வலி, வீக்கம்னா உடனே வாங்க." மருமக பக்கத்துல நின்னு கோயில் மாடு கணக்கா தலைய ஆட்டுனா.

மாசாமாசம் ஊசி. வெரலு விரிஞ்சிருச்சு. திரும்பவும் செட்டுக்குப் போனேன்.

எங்க செட்டுல ஒரு வளக்கம் உண்டு. தீவாளி சீசன்ல யாரு முடியலன்னாலும், கங்காணியம்மா வந்து பொறங்கைய களுத்துல வச்சுப் பாப்பா. மேலு சுட்டா வீட்டுக்கு. சுடலன்னா திரும்ப வேல ரூமுக்கு. அம்புட்டுத்தான் வைத்தியம். ஆர்டர் குவிஞ்சு கெடக்கையில பொய்க்காய்ச்சல் சொல்றவளும் உண்டு, அதனால வந்த வளக்கம். ஒருத்தி வெயில்ல காயப்போட்ட துண்டக் களுத்துல சுத்திக்கிட்டு வந்து, சுடுது பாருக்கான்னு நின்னா. நாங்க சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிப் போச்சு.

அந்த சீசன்ல, விஸ்வநத்தம் பக்கம் ஒதுங்கப் போனப்ப சீமக்கருவ முள்ளு குதிகால்ல ஏறி ஒடிஞ்சிருச்சு. இங்கன யாருக்குத்தான் முள்ளு குத்தல? ஊக்க வச்சு நோண்டுனேன், பாதி வந்துச்சு. ரெண்டு நாளு களிச்சு காலு ஊன முடியல. தெறிக்குது. கங்காணியம்மாகிட்ட சொன்னேன். வந்தா, களுத்துல கைய வச்சா.

"என்ன மதினி, மேலு பானத்தண்ணி கணக்கா இருக்கு? ஊசி போட்டுக் கொமரியாகிட்டீக, இப்ப நடிக்கவும் பளகிட்டீகளோ?"

செட்டே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய?

வீட்டுக்கு வந்து மருமககிட்ட காலக் காட்டுனேன். கால அவ பாக்கல. நெத்தியத் தொட்டா.

"குளுந்துதான கெடக்கு அத்த."

"சுடாதுன்னு டாக்டரம்மா சொன்னாகளே, நீயும் நின்னு கேட்டியே."

"அது புதுசா போட்டப்ப சொன்னது. இன்னமுமா? மஞ்சப் பத்துப் போடுங்க. சீசன் முடியவும் போவம்."

மகன் லோடு லாரியில வடக்க போயிருந்தான். போன்ல அவங்கிட்டயும் சொன்னேன். அவன் கேட்ட மொதக் கேள்வி, "காய்ச்சல் இருக்காம்மா?" இல்லன்னேன். "பெறகென்ன"ன்னான். எல்லாருக்கும் ஒரே சாட்சிதான் வேணும். அந்தச் சாட்சி வாயத்தான் ஊசி கட்டி வச்சிருக்கு. எங் காலு வீங்கி வீங்கிச் சொல்லுது, காது குடுக்க ஆளில்ல.

மாச ஊசிக்குத் தேதி வந்துச்சு. சீசன்ல அவ வேலைக்கும் லீவு கெடைக்காதுன்னு மருமக வரல. நானே நொண்டிக்கிட்டு மதுரைக்கு பஸ் ஏறுனேன். டாக்டரம்மா செருப்பக் கழட்டச் சொன்னதுந்தான் நாத்தமே தெரிஞ்சுச்சு. "ஏம்மா இம்புட்டு நாள் வரல?"ன்னாக. "மேலு சுடல தாயி"ன்னேன். அவுக மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாக.

அன்னைக்கே ஆப்பரேசன். குதிகால்ல கொட்டாங்கச்சி கொள்ற அளவு சதைய வெட்டி எடுத்துட்டாக. புண்ணு ஆறுற வரைக்கும் ஊசி கெடையாதுன்னுட்டாக. காதுல வச்ச பஞ்ச எடுத்தாச்சுல்ல? வெரலு ஒண்ணொண்ணா மடங்குச்சு. மறுபடி கரண்டி.

பெறகு ஒரு நாளு சும்மா சளி புடிச்சுச்சு. வெறுஞ் சளி. ஆனா மேலு கொதிச்சிருச்சு பாருங்க. வீடு நெறஞ்சு போச்சு. மருமக லீவு போட்டா. மகன் லாரியப் பாதியில விட்டுட்டு ஓடி வந்தான். கங்காணியம்மா ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிட்டு வந்து களுத்தத் தொட்டுப் பாத்து, "அய்யோ மதினி, அனலா அடிக்குதே"ன்னு கண்ணு கலங்குனா. எங் குதிகாலு அளுகுனப்ப வராத கண்ணீரு, மூக்கு ஒளுகுனதுக்கு வந்துச்சு. ஆரஞ்சு நல்லா இருந்துச்சு. ஆனா உரிச்சுத் திங்கக் கையில்ல.

புண்ணு ஆறுன பெறகு, மறுபடி ஊசி ஆரம்பிக்கலாமான்னு டாக்டரம்மா கேட்டாக. மருமக முந்திக்கிட்டா. "வேணாம் டாக்டரு. போன தடவ மாதிரி காய்ச்சல் தெரியாமப் போச்சுன்னா நாங்க எப்பிடிக் கண்டுபுடிக்க?"

நான் சொன்னேன், "போடுங்க தாயி. சுட்டாத்தான் நம்புவாகன்னா அவுக நம்பவே வேணாம். வெரலு விரிஞ்சா, வலிக்கிற அன்னிக்கு பஸ்ஸுக் கம்பியப் புடிச்சு நானே ஏறி வந்துருவேன்."

மருமக சன்னல் பக்கம் பாத்தா. நான் முந்தானைய ஒதுக்கி, ஊசிக்குக் கைய நீட்டுனேன்.