புலி, இடி, இரும்பு, கோட்டை, மலை

பெயரைச் சொல்வதற்கு முன்னால் அப்பாக்கள் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார்கள். பத்தொன்பது வருடமாக மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் இதைப் பார்த்து வந்திருக்கிறாள். சட்டையை இழுத்து, தொண்டையைச் செருமி, வரிசையில் பின்னால் நிற்பவர் காதிலும் விழட்டும் என்பதுபோல் அரைப்பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொல்வார்கள். வீரம், வெற்றி, சிங்கம் என்று பொருள் வரும் பெயராக இருந்தால் இழுப்பு இன்னும் பலமாக இருக்கும். ஒருவர் இழுத்த இழுப்பில் பொத்தான் தெறித்து ஜன்னலுக்குள் வந்து விழுந்தது. அவள் அதைத் தேடி எடுத்துச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுத்தாள். சிரிக்கவில்லை. அம்மாக்கள் வேறு மாதிரி. குழந்தையைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்வார்கள், எங்கே அது வேண்டாம் என்றுவிடுமோ என்று பயந்தவர்கள் போல.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் அவளுக்குத் தட்டச்சு வேலை. படிவத்தில் இருப்பது புத்தகத்தில் ஏற வேண்டும், ஓர் எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இது மேலதிகாரி போட்ட சட்டம். அவளுக்கு அது சட்டமாகத் தோன்றவில்லை, சௌகரியமாகத்தான் தோன்றியது. யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். புது ஆள் யாராவது பேச்சுக் கொடுத்தால் அவள் காது மடல் சிவந்துவிடும். கேள்வி எதுவானாலும் அவளிடம் பதில் ஒன்றுதான்: "பாக்கலாம்." மழை வருமா என்று கேட்டாலும் பாக்கலாம், சாப்பிட்டாயா என்று கேட்டாலும் பாக்கலாம்.

தட்டச்சில் தவறு வந்தால் அதைத் திருத்த ஒரு மஞ்சள் தாள் எழுத வேண்டும். யார் தவறு என்று அதில் ஒரு கட்டம் உண்டு. பக்கத்து ஜன்னல்காரருக்கு வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் தாளாவது வந்துவிடும். ஓயாமல் தும்முகிறவர். தும்மும்போது விரல் எங்கே விழுகிறது என்று அவருக்கே தெரியாது. அலுவலகத்தில் அவருக்குத் தும்மல் அண்ணன் என்றே பெயர். அவளுக்கு இதுவரை ஒரு மஞ்சள் தாள்கூட வந்ததில்லை.

அதில் ஒரு லாபமும் இருந்தது. மாடியில் ஆவண அறை காலியாகப் போகிறது. ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க அலமாரி. ஜன்னல் உண்டு, ஆனால் அதற்கு வெளியே வரிசை கிடையாது. ஒரு வேப்பமரம்தான் நிற்கும். இருபது வருடம் மஞ்சள் தாள் இல்லாமல் முடிக்கிறவருக்குத்தான் அந்த நாற்காலி என்று மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். அவளுக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை யாருக்கும் தெரியாமல் மாடி ஏறிப்போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். நான்கு நிமிடம் உட்கார்ந்திருப்பாள். யாரும் வந்து எதையும் கேட்கவில்லை. அப்படி ஓர் இடம் இந்த உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் அவள் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கட்டடம் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறவன். டன் கணக்கில் கம்பியை அலட்சியமாகத் தூக்கி வைப்பான், காற்று பலமாக அடித்தால் அவனை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் வைத்த 'குச்சி' என்ற பட்டம் தலை நரைக்கத் தொடங்கியும் அவனை விடவில்லை. அதனால் பிறக்கிற பிள்ளைக்குப் பெயரிலாவது ஒரு பலம் இருக்க வேண்டும் என்று முன்னமே சொல்லிக்கொண்டிருந்தான். குழந்தையோ நாள் முந்திப் பிறந்துவிட்டது. எடை இரண்டு கிலோகூட இல்லை. பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் தம்பி ஒரு சின்ன நோட்டோடு திரிந்தான். சிமென்ட் கடைக்காரர், வெல்டர், கேன்டீன் மாஸ்டர், மருத்துவமனை வாசலில் வண்டி நிறுத்தச் சீட்டுக் கொடுக்கிறவர் என்று ஒருவரையும் விடாமல் வலுவான பெயர் கேட்டு எழுதிக்கொண்டான். அவன் சேர்த்த பெயர்களை இங்கே முழுதாகச் சொன்னால் மூச்சு வாங்கும், பொருளைச் சொன்னால் போதும். புலி என்று ஒன்று. இடி என்று ஒன்று. இரும்பு, கோட்டை, மலை. பெண்குழந்தைக்கு இதெல்லாம் சரிப்படுமா என்று வெல்டர் இழுத்தாராம். பெண்புலி மட்டும் என்ன புல்லையா தின்னும் என்று இவன் கேட்டிருக்கிறான்.

பெயரைச் சோதித்துப் பார்க்கவும் அவனிடம் ஒரு வழி இருந்தது. கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்து, அவ்வளவு உயரத்திலிருந்து கீழே பார்த்துக் கத்துவான். கீழே வேலை செய்கிறவர்கள் எப்படி இருக்கிறது என்று கை காட்ட வேண்டும். புலிக்கு நான்கு கைகள் உயர்ந்தன. இடிக்கு ஒரு கையும் உயரவில்லை. மேலேயிருந்து ஏதோ விழப்போகிறது என்று நினைத்து எல்லோரும் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஒரு கொத்தனார் தெருமுனை வரைக்கும் போய்விட்டார். பலமான பெயர்தான் என்று தம்பி அதற்கு நேராக ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டான்.

அவன் பெண்டாட்டிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. சாரல் என்று பொருள் வருகிற சின்னப் பெயர் ஒன்றை அவள் மனதில் வைத்திருந்தாள். அதைப் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். சாரலில் நனைந்தால் சளிதான் பிடிக்கும் என்று அவன் முடித்துவிட்டான். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவள் நாத்தனாரைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, நான் கூப்பிட்டா குழந்தை திரும்பிப் பாக்கணும். தெரு கலைஞ்சு ஓடக் கூடாது. நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

பாக்கலாம் என்றாள் நாத்தனார். சமையலறையை விட்டு வெளியே வந்து, தம்பி தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் நின்றாள். அரை மணி நேரம் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவனே பேசினான்.

"அக்கா, அந்தக் கைய பாத்தியா? என் சுண்டு விரல் தடிமன்கூட இல்ல. பேராவது கொஞ்சம் கனமா இருந்துட்டுப் போகட்டுமே."

அவன் பக்கமும் நியாயமிருந்தது, அவன் பெண்டாட்டி பக்கமும் நியாயமிருந்தது. இரண்டு நியாயத்துக்கு நடுவில் நின்று பேச அவளுக்கு வாய் போதாது.

பெயரைப் பதிய முப்பது நாள் கெடு. முப்பதாம் நாள் வரைக்கும் வீட்டில் முடிவாகவில்லை. அலுவலகம் மூட இருபது நிமிடம் இருக்கும்போது தம்பி ஓடி வந்தான். படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தான். பெயர்க் கட்டத்தில் மட்டும் ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தான். பெண்டாட்டியும் குழந்தையும் கீழே வண்டியில் இருக்கிறார்கள், கூட்டி வருகிறேன், அவளும் இருக்கும்போது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, படிவத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

அவள் மேசையில் அப்போது ஒன்பது படிவங்கள் கிடந்தன. தம்பியுடையதையும் எடுத்து அடியில் செருகி, குவியலை இரண்டு தட்டுத் தட்டி விளிம்பைச் சமமாக்கினாள். தினமும் செய்கிற காரியம்தான். பிறகு விரல்கள் ஓடத் தொடங்கின. அவள் தட்டச்சு செய்யும்போது படிப்பதில்லை. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் எழுத்தை அடிக்கும், நடுவில் மூளை என்ற ஒன்று வந்து குறுக்கே நிற்காது. அவளிடம் தவறே வராததற்கு அதுதான் காரணம் என்று மேலதிகாரி மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். பத்துப் படிவமும் ஏறின. பத்துச் சான்றிதழும் அச்சாகி வந்தன. பத்திலும் முத்திரை விழுந்தது.

குழந்தை பால் குடித்து முடித்த பிறகு தம்பி பெண்டாட்டியோடு படியேறி வந்து, படிவத்தைத் திருப்பி வாங்க ஜன்னலுக்குள் கையை நீட்டினான். அவள் சான்றிதழைக் கொடுத்தாள். வாங்கினவன் அப்படியே நின்றான்.

"அக்கா, என்னக்கா இது?"

பெயர்க் கட்டத்தில் இடம் போதாமல் எழுத்து இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. அவன் அதைச் சத்தமாகப் படித்தான். புலியில் தொடங்கி, கோட்டை வருவதற்குள் மூச்சு முட்டி, ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு மலையில் போய் முடித்தான். வரிசையில் நின்ற ஒருவர், ஐந்து குழந்தையா என்று அனுதாபத்தோடு கேட்டார். தும்மல் அண்ணன் தும்மலைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தம்பி பெண்டாட்டி சிரிக்கத் தொடங்கினாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பிடித்துக்கொள்ள ஏதும் இல்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் மட்டும் சிரிப்பு இல்லை. காது மடல் இரண்டும் சிவந்து எரிந்தன. நேரே மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், அந்த நாற்காலி இருந்தது.

மேலதிகாரி வந்து படிவத்தையும் சான்றிதழையும் ஒத்துப் பார்த்தார். படிவத்தில் ஐந்து, புத்தகத்தில் ஐந்து. தட்டச்சில் பிழையில்லை, தவறு எழுதினவருடையது என்றார். எழுதினவர் தவறு என்றால் மனுப் போட்டு, காரணம் காட்டி, ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் தடுப்பூசி அட்டையிலும் எல்லாக் காகிதத்திலும் ஐந்தும்தான். தட்டச்சு செய்தவர் தவறு என்றால் ஒரு மஞ்சள் தாள், ஒரே வாரம்.

தம்பி உடனே, என் தவறுதான், போகட்டும் சார், ஒரு வருஷம் ஐந்தையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொள்கிறோம் என்றான். அவனுக்கு மாடி நாற்காலி விஷயம் தெரியும். அவன் பெண்டாட்டிக்குத் தெரியாது. அவள் சிரிப்பு அடங்கிப்போய், ஒரு வருஷமா என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அந்தக் கூடத்தில் இருந்த நாற்பது பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். மேலதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து இவ்வளவு பெரிய சத்தம் எப்படி வருகிறது என்று தம்பியே வாய் பிளந்து பார்த்தான்.

மூன்றாம் ஜன்னல்காரி இழுப்பறையைத் திறந்தாள். பத்தொன்பது வருடமாகத் தொடாமல் வைத்திருந்த மஞ்சள் தாள் கட்டைப் பிரித்தாள்.

"என் தப்புதான் சார்," என்றாள். "எழுதினது தம்பி. அவன் முடிவு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கண்ணு அதுல நிக்கல."

அவள் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. மேலதிகாரி மறுப்புச் சொல்ல வாயெடுத்து, பிறகு பேனாவைக் கொடுத்தார்.

சரியான பெயர் என்ற கட்டம் வந்தபோது அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டான். இனி பெயரில் கனம் வேண்டாம், தொண்டையிலேயே இருக்கிறது, உன் சாரலையே வைத்துக்கொள் என்று பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் அழுகிற குழந்தையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தத் தொண்டைக்குச் சாரல் பொருந்தாது என்பது அவளுக்கும் புரிந்தது.

"மலையே இருக்கட்டும் அண்ணி. அது ஒண்ணுதான் யாரையும் கடிக்காது, யார் தலையிலயும் விழாது. சும்மா ஒரு பக்கமா இருக்கும்."

இப்போது குழந்தைக்கு இரண்டு வயதாகிறது. எடை பன்னிரண்டு கிலோ. மலை ஒரு பக்கமாகச் சும்மா இருக்கும் என்று அவள் அம்மா நம்பியது மட்டும் நடக்கவில்லை. மாடி அறை முதல் ஜன்னல்காரிக்குப் போய்விட்டது. மூன்றாம் ஜன்னலில் இப்போதும் அவளேதான் உட்கார்ந்திருக்கிறாள். பெயரைத் தட்டச்சு செய்வதற்கு முன் தலையை நிமிர்த்தி, வந்தவர் முகத்தைப் பார்த்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்து, இதுதானே என்று கேட்கிறாள். அதனால் அவள் ஜன்னல் முன்னால் மட்டும் வரிசை மெதுவாக நகர்கிறது.