பொட்டு வைத்த இன்ஜின்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் கடைக்காரர் ஒட்டிக் கொடுத்த தாளை நான் இன்னும் உரிக்கவில்லை. உரித்தால் வாரண்டி போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. போகாது என்றும் யாரும் எழுதித் தரவில்லை. பிள்ளையின் பால் போத்தலைச் சூடாக்கும் கருவிக்குக்கூட வாரண்டி அட்டையை முழுவதும் வாசித்தேன். புரியாத வரியை இன்னொரு முறை வாசித்துவிட்டு, பெட்டியோடு அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன். கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

இப்படிப்பட்ட நான், வாரண்டியைத் தன் கையாலேயே துடைத்துப் போட்ட அத்தையின் பக்கம் நிற்பது பொருத்தமில்லைதான். ஆனாலும் நிற்கிறேன். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை வரும்போதெல்லாம், "அவசரக்காரி, கைக்கு வந்ததக் கெடுத்துக்கிட்டா" என்றுதான் முடிப்பார்கள். அந்த முடிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நானே எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கையான என் அத்தை, வெளிநாட்டில் யாரோ ஒருவர் வீட்டில் பல வருடம் சமைத்துத் துவைத்து, அவர்கள் பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். வந்தவள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு டைல்ஸ் பதிக்கவில்லை, நகை வாங்கவில்லை. ஒரு புது ஆட்டோ வாங்கினாள். யாரை ஓட்ட வைக்கப் போகிறாய் என்று அப்பா கேட்டார். "ஏன், எனக்குக் கை இல்லையா?" என்றாள்.

"இது ஓடுற வரைக்கும் நான் இங்க இருப்பேன். நின்னுச்சுன்னா திரும்பவும் பாஸ்போர்ட்டத் தூக்கிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்" என்று அம்மாவிடம் ஒருநாள் சொன்னது என் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து காலையில் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டால்தான் எனக்கு ரொட்டி இறங்கும். அத்தையின் போர்வைக்குள்தான் நான் தூங்கினேன். போர்வையை விட எனக்கு ஆட்டோதான் முக்கியமாகிப் போனது.

பொகவந்தலாவை பஜாரிலிருந்து எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு வரும் பாதையில் கோயில் முடக்கு என்று ஒரு வளைவு உண்டு. வளைவு என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவர் மாதிரி நிற்கும். மூன்று பேரும் ஒரு மாவு மூட்டையும் இருந்தால் புது ஆட்டோ பாதியிலேயே முனகி நின்றுவிடும். பெண்கள் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி நடப்பார்கள். அத்தை வெறும் வண்டியை மேலே கொண்டுபோய் அவர்களுக்காகக் காத்திருப்பாள். மற்ற ஆட்டோக்களும் அங்கே திணறத்தான் செய்தன. ஆனால் அவை திணறினால் ரோடு மோசம். அத்தையின் வண்டி திணறினால் ஓட்டுகிறவள் மோசம்.

"அக்கா, வண்டி உங்கள ஏத்திட்டுப் போகுதா, நீங்க வண்டிய ஏத்திட்டுப் போறீங்களா?" என்று ஸ்டாண்டில் ஒருவன் கேட்பான்.

"அவுங்க ஒட்டகம் ஓட்டிப் பழகினவங்கடா, மலை புதுசு" என்பான் இன்னொருவன்.

 அத்தை பஜார் மெக்கானிக்கிடம் வண்டியை ஒருநாள் முழுக்க விட்டாள். இன்ஜின் ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொஞ்சம் சீவினார்கள், பெரிய கார்ப்பரேட்டர் ஒன்றைப் பொருத்தினார்கள், சைலன்சருக்குள் இருந்த ஏதோ தகட்டை எடுத்துப் போட்டார்கள். இவ்வளவும் செய்தால் வண்டிக்கு இழுவை கூடும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பழைய கார்ப்பரேட்டர் பத்திரிகைத் தாளில் சுற்றி எங்கள் வீட்டுச் சுவர்த் தட்டுக்கு, ராக்கைக்கு, வந்தது.

அப்பா தோட்டத்து ஆபீசில் கிளார்க். எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதவர். நான் யாருடைய மகள் என்பதில் சந்தேகமே வேண்டாம். வண்டியோடு வந்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார். "இன்ஜின்ல கை வச்சா முழு வாரண்டியும் ரத்துன்னு தெளிவாப் போட்டிருக்கு. படிக்கலையா நீ?"

"படிச்சேன் அண்ணே. அத எழுதினவரு கோயில் முடக்கு ஏறிப் பாத்திருக்காரான்னு மட்டும் போடல."

அடுத்த நாள் மூன்று பேரும் மூட்டையுமாக அந்த வண்டி முடக்கை ஏறியது. யாரும் இறங்கவில்லை. அது ஏறிய சத்தத்துக்குத் தோட்டத்துத் தொரை பங்களா நாய்கள் குரைத்தன. அதன் பிறகு, பெண்கள் ஸ்டாண்டில் மற்ற ஆட்டோக்களைத் தாண்டி வந்து அத்தையின் வண்டியில் ஏறினார்கள். ஒட்டகம் பற்றிப் பேச்சு வரவில்லை.

ஆனால் கியரில் ஒரு சத்தம் இருந்தது. அது இன்ஜினில் கை வைப்பதற்கு முன்பே, வாங்கிய மாதமே இருந்த சத்தம். முதல் சர்வீஸில் அத்தை சொல்லியும் இருந்தாள். 'ஓட ஓடச் சரியாகும்' என்று அனுப்பிவிட்டார்கள். ஓட ஓட அது சரியாகவில்லை. சில மாதங்களில் இரண்டாவது கியர் நிற்காமல் நழுவத் தொடங்கியது. கைப்பிடியை முறுக்கிப் பிடித்தபடியே ஓட்டி, அத்தையின் இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கியர் பெட்டியை மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். வாரண்டியில் மாற்றினால் காசில்லை. இல்லையென்றால், அத்தையிடம் அதற்கு வழியில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அந்த வாரத்தில் இரண்டு தடவை எங்கள் வாசலில் நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போனான். நல்ல மனிதன்தான். அவனைக் கண்டால் நான் ஓடிப்போய் ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.

அப்போதுதான் அப்பா ஒரு காரியம் செய்தார். ராக்கையிலிருந்த பழைய கார்ப்பரேட்டரை மெக்கானிக் திரும்பப் பொருத்திக் கொடுத்தார். ஆனால் ஹெட் போல்ட்டுகளின் தலையில் கம்பனி போட்டிருந்த மஞ்சள் பெயிண்ட் கோடுகள் உடைந்திருந்தன. யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அவை சொல்லிவிடும். எங்கள் பக்கத்தில் வண்டிக்குப் பூசை போட்டால் இன்ஜினுக்கும் பொட்டு வைப்பார்கள். கம்பனியின் வேலைத்தலம் இருந்த ஹட்டனுக்குப் போகிற அன்று காலையில் அப்பா குளித்துவிட்டு வந்து, ஒவ்வொரு போல்ட்டின் மேலும் சந்தனத்தைத் தடிப்பாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் பொய் சொல்லாத அப்பா, அன்றைக்குச் சாமியைச் சொல்ல வைத்தார்.

அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.  அவளுக்கும் வேறு வழி தெரிந்திருக்காது.

பள்ளிக்கூட விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப் போனார்கள். கம்பனியின் வேலைத்தலத்தில் வண்டியைப் பரிசோதித்தவர் அப்பா வயதுடைய ஒரு சிங்கள ஐயா; அங்கே எல்லோரும் அவரை 'மாத்தியா' என்றார்கள். மலைநாட்டில் இருந்து பழகிய தமிழில் பேசினார். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "கியர் பெட்டி பிழை. கம்பனிப் பிழைதான்" என்றார்.  பிறகு இன்ஜின் மூடியைத் திறந்தார்.

பொட்டுகளைப் பார்த்தார். கையில் துணி இருந்தது. குனிந்தவர் நிமிர்ந்து, துணியைக் காற்சட்டைப் பையில் வைத்தார். "சாமி பொட்டு. நான் கை வைக்கிறது இல்லை."

பேனாவை எடுத்தார். எழுதத் தொடங்கினார். அப்பாவின் நெற்றியில் வியர்வை இருந்தது. ஹட்டனில், அந்தக் குளிரில்.

"யார் ஓட்டுறது?" என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

"நான்தான்" என்றார் அப்பா.

"அதுதானே. பொம்பள ஓட்டினா பெட்டி முதல் மாசமே போயிருக்கும். அப்புறம் இங்க வந்து அழுவாங்க."

அப்பா சிரித்தார். பெரிய சிரிப்பில்லை. கையெழுத்து விழும்வரை சிரிக்க வேண்டிய அளவுக்கு.

என் தோளில் இருந்த அத்தையின் கை எடுபட்டது. அவள் நேராகப் போய் இன்ஜின் முன்னால் குனிந்தாள். சால்வையின் நுனியால் ஒரு போல்ட்டைத் துடைத்தாள். பிறகு அடுத்தது. அவசரமே இல்லாமல், அடுப்படி துடைப்பது மாதிரி, எல்லாவற்றையும் துடைத்தாள்.

"நான்தான் ஓட்டுறேன், மாத்தியா. இன்ஜினத் திறக்கச் சொன்னதும் நான்தான். நல்லாப் பாத்து எழுதிக்கிங்க."

அப்பா "ஏய்" என்றார். 

அந்த ஐயா போல்ட்டுகளைப் பார்க்கவில்லை, அத்தையைத்தான் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. "அக்கே, கண்டா நான் எழுதணும். அதனாலதான் காணாம இருந்தேன். ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"பொட்டுக்குப் பின்னால என்ன இருக்குன்னு நீங்க பாக்காம விட்டதுக்கு ஒங்களுக்குக் கோடி புண்ணியம். ஆனா ஓட்டுறவளையும் சேத்து மறைச்சுட்டீங்களே. அதுக்கு நான் எப்படிச் சிரிக்கிறது?"

அவர் பேனாவின் மூடியைப் போட்டார், கழற்றினார்.

அத்தை விடவில்லை. "சத்தம் வாங்கின மாசமே இருந்துச்சு. இங்கதான் வந்து சொன்னேன். நான் தொறந்தது ஹெட்ட, கெட்டது கியரு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னா எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா இல்லன்னு எழுதுங்க."

"சம்பந்தம் இல்லை. எனக்குத் தெரியும்" என்றார் அவர், மெதுவாக. "புத்தகத்துக்குத் தெரியாது, அக்கே. ஒண்ணு தொட்டா எல்லாம் போச்சு, அவ்வளவுதான் அதில இருக்கு."

வாரண்டி ரத்தானது. அத்தை அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஏறு பாப்பா" என்றாள்.

 வழியில் நோர்வூட் தாண்டியதும் அப்பா பேசினார். "ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லப் பொறுத்துக்கிட்டிருந்தா வேல முடிஞ்சிருக்கும். போய்ப் பொட்டி கட்டு இனி."

"கட்டுறேன்."

"சாமிக்கு வச்ச பொட்ட நீயே தொடச்சிட்டியே!"

"சாமிக்கா வச்சீங்க?"

அப்பா குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.  இந்த இரண்டு பேரில் யாரோ ஒருவர் பிழை, அது யார் என்று தெரிந்துவிட்டால் போதும் என்று எனக்கு இருந்தது. பொட்டி கட்டுகிறேன் என்று அத்தையே சொல்லிவிட்டதால், அது அத்தையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

கோயில் முடக்குக்கு வந்தபோது தூறத் தொடங்கியிருந்தது. இரண்டாவது கியர் சுத்தமாக நிற்கவில்லை. பழைய கார்ப்பரேட்டரோடு, முதல் கியரிலேயே, நடக்கிற வேகத்தில் ஏற்ற வேண்டும். "நிறுத்து" என்றார் அப்பா. வண்டிக்குப் பாரம் குறையட்டும் என்றா, இதற்கு மேல் உன்னோடு வரமாட்டேன் என்றா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இறங்கினார். குடையை விரித்தார். என் பக்கம் வந்து, குடையை எனக்கு மேலே பிடித்துக்கொண்டு, "இறங்கு" என்றார்.

நான் அப்பா சொன்னதை முதல் தடவையிலேயே செய்கிற பிள்ளை. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. வீங்கிய மணிக்கட்டை மற்றக் கையால் அழுத்திக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கும்மா" என்றார் அப்பா இன்னொரு தடவை.

நான் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை கொஞ்சம் காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தாள். அது அலறிக்கொண்டு ஊர்ந்தது. அப்பா குடையோடு பக்கத்திலேயே நடந்து வந்தார். வண்டிக்கும் அவருக்கும் ஒரே வேகம். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் ஒதுங்கி நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல் ஒன்றாகவே ஏறிப் போகும் எங்கள் மூவரையும் வேடிக்கை பார்த்தார்கள்.

அத்தை பொட்டி கட்டவில்லை. கொஞ்ச நாள், அன்றன்றைக்குக் கொடுக்கும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தாள். பள்ளத்தில் விழுந்து நசுங்கிய ஓர் ஆட்டோவின் கியர் பெட்டியை மஸ்கெலியாவில் தேடிப் பிடித்து வந்து மாட்டினாள். கூடவே பெரிய கார்ப்பரேட்டரையும் திரும்பப் போட்டாள். ஏஜென்சிக்காரன் மறுபடியும் சுகம் விசாரிக்க வந்தபோது, அவனை பஜார்வரை கொண்டுபோய் விட்டு, கூலியை எண்ணி வாங்கிக்கொண்டாள். ஆனாலும் அவள் செய்தது சரியா என்று சில நாள் எனக்குச் சந்தேகம் வரும். அந்த நசுங்கிய வண்டி கிடைத்திருக்காவிட்டால்? அப்படி யோசித்து யோசித்து, கடைசியில் அவள் பக்கமே வந்து நிற்பேன்.

அன்று அப்பா என்னைத் திட்டவில்லை. ஏன் இறங்கவில்லை என்று அம்மாதான் கேட்டாள். மழை பெய்தது, நனைந்துவிடுவேன் என்று பயந்தேன் என்றேன். பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெகுகாலம் அதுதான் காரணம் என்று நானே நம்பியிருந்தேன். அப்பா நீட்டிய குடை என் தலைக்கு மேல் விரிந்துதான் இருந்தது என்பது, நான் பெரியவளான பிறகே எனக்கு உறைத்தது.