ஒரே எண்ணில் இரண்டு பேர்

அம்பத்தூர் அலுவலகத்தில் எனக்கு இன்னும் வேலை உறுதியாகவில்லை. ஒரு சொதப்பல் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்தோடுதான் தினமும் கொரட்டூரில் ரயில் ஏறினேன்.

ஒரு மதியம் நசரத்பேட்டைக் கிடங்கிலிருந்து போன். லாரி வெளியே போகச் சீட்டு அடிக்கும் புரோகிராம் அப்படியே நின்றுவிட்டது, தயிர் லாரி வெயிலில் காய்கிறது என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர் அண்ணன். அது விண்டோஸ் கம்ப்யூட்டர். அதற்குள் யூனிக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம் மாதிரி நடந்துகொள்ளும் ஓர் அடுக்கைப் போட்டிருந்தோம். இங்கிருந்தபடியே அதன் வழியாகத்தான் நுழைவேன். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைச் சொல்லி நிறுத்தச் சொன்னால் நின்றுவிடும்.

அண்ணன் தன் திரையைப் பார்த்து, நின்றுபோனதன் எண் 4312 என்றார். என் திரையிலோ அந்த எண்ணுக்கு நேரே வேறு பெயர். சீட்டுப் புரோகிராமையே காணோம். எனக்கு ஒரு இழவும் புரியவில்லை. சரியாகப் பார்த்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"என் கண்ணு முன்னாடி கீதும்மா," என்றார்.

சரி, ஆனது ஆகட்டும் என்று அதையே நிறுத்தினேன். பட்டென்று என் திரை மூடிக்கொண்டது. நான் நிறுத்தியது என்னையேதான்.

மறுபடி நுழையவும் முடியவில்லை. கிடங்கு ஆட்கள் சீட்டு அடிப்பதைத் தவிர அந்தக் கம்ப்யூட்டரில் வேறு எதிலும் கை வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. நீங்களே மூடிவிடுங்கள் அண்ணா, எனக்கு வேலை கூட உறுதியாகவில்லை என்று உளறினேன். அவர் மூடினார். சீட்டு வந்தது, லாரி கிளம்பியது.

மறுநாள் டீம் லீடரிடம் நடந்ததைச் சொல்லப் போனேன். அவர் எண் கதையை விளக்கினார். நான் நுழைந்தபோது விண்டோஸ் கொடுத்த எண் 4312. நுழைந்த புரோகிராம் தன் இடத்தில் வேறொன்றை உட்கார வைத்ததும், விண்டோஸ் அதற்குப் புது எண் கொடுத்துவிட்டு, பழையதைச் சீட்டுப் புரோகிராமுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அடுக்கு மட்டும் என்னைப் பழைய எண்ணிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பாதி புரிந்தது, மீதி இன்றுவரை குழப்பம்தான். நான்தான் மூடச் சொன்னேன் என்றேன். அண்ணன் தானாகவே கை வைத்ததாகச் சொல்லிவிட்டாராம். பேச்சை வளர்க்காதே என்றார் டீம் லீடர்.

எனக்கு வேலை உறுதியானது. அண்ணனைக் கம்ப்யூட்டர் வேலையிலிருந்து எடுத்து, லாரி வரும் வாசலில் நிறுத்திவிட்டார்கள். போன் போட்டு ஏன் அண்ணா இப்படிச் செய்தீர்கள் என்று சண்டை பிடித்தேன்.

"எனுக்கு வாசலாச்சும் கீது. உன்ன ஊட்டுக்கில்ல அனுப்பிருப்பாங்க?"