மயிர் அலசும் கூலி

ஒரு ஆளை அவருடைய நாற்காலியிலிருந்து இறக்குவதற்காகவே நான் பி.காம். சேர்ந்தேன். சேர்க்கைப் படிவத்தில் வேறு காரணம் எழுதினேன். உண்மை இதுதான்.

ஆம்பூரில் என் அம்மா வேலை செய்த தோல் ஷாப்பில் அவர் ரைட்டர். கணக்கு, கூலி, கடிதம் எல்லாம் அவர் கையில். ஷாப்பு என்றால் கடை என்று நினைத்துவிட வேண்டாம். தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிர் நீக்கி, பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்தும் இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அம்மாவுக்கு மயிர்க் களத்தில் வேலை. ஆண்கள் தோலிலிருந்து சுரண்டித் தள்ளும் மயிரைக் கூடையில் அள்ளி, சுண்ணாம்பு போக அலசி, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டவேண்டும். மொத்தம் பத்துப் பெண்கள். சுண்ணாம்பு தின்ற விரல்களில் எப்போதும் வெடிப்பு இருக்கும். சோறு பிசையும்போது உப்பு பட்டால் அம்மா முகத்தைச் சுளிப்பாள். அப்பா நான் மூன்றாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்.

பி.யூ.சி. தேறியதும் வேலூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் ஹாஸ்டலும் உண்டு. அதற்கு அம்மாவின் கூலி இவ்வளவு என்று வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் வேண்டும். அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு ரைட்டரிடம் போனாள். அவர் எங்களை அறைக்குள் விடவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றோம். அவர் எழுதிய காகிதத்தைக் கம்பி வழியாக நீட்டினார். மாதம் அறுபது ரூபாய் என்று எழுதியிருந்தது. நான் படித்துச் சொன்னேன்.

"எனக்கு எங்க ஐயா அறுபது வருது? இருபத்தஞ்சு, இருபத்தாறு வரும். மழக்காலத்துல அதுவும் இல்ல" என்றாள் அம்மா.

"கம்பெனி பேப்பர்ல கம்மியா எழுதனா லேபர் ஆபீஸர் வந்து என் தலமேல ஒக்காருவான். ஒன் பொண்ணு படிக்கலேன்னு இங்க யார் அழுவறா? களத்துக்கு இன்னொரு ஜோடி கை கெடைச்சா எங்களுக்கு நல்லதுதான்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பேனாவை மூடிக் காதோரம் செருகிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் அம்மாவின் கைகள் கும்பிட்டபடியே சிறிது நேரம் இருந்தன. அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சலுகை போயிற்று. அம்மாவின் கம்மல் கட்டணமாக மாறியது. ஹாஸ்டலுக்குப் பதிலாகத் தினமும் பாசஞ்சர் வண்டியில் காட்பாடி, அங்கிருந்து பஸ்ஸில் வேலூர். வண்டியில் போகும்போதும் வரும்போதும் அந்த ரைட்டரை எப்படி எப்படி எல்லாம் கவிழ்க்கலாம் என்று யோசிப்பேன். படிப்புக்கு அது மிகவும் உதவியது. தூக்கமே வராது.

வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். மற்றவர்கள் பெரும்பாலும் மண்டிக்காரர்கள், ஜவுளிக் கடைக்காரர்கள் வீட்டுப் பையன்கள். அப்பாவின் பேரேட்டைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர்கள். அதுவே அவர்களுக்குத் தொல்லையாயிற்று. வீட்டுப் பேரேட்டில் பணம் கைக்கு வந்தால் வரவு. இங்கே ஆசிரியர் ரொக்கக் கணக்கில் அதையே டெபிட் என்றார். அவர்கள் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். எனக்கு மறப்பதற்கு ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரத்திலேயே என் நோட்டைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒருவன் மட்டும், நான் நடந்துபோனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தோல் மண்டி வருதுடா" என்பான். அவனும் கேட்டான். அவனுக்கென்று தனியாக ஒரு டிரயல் பேலன்ஸ் எழுதிக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தப்பாக. ஒரு வாரம் அதைக் கூட்டிக்கொண்டே இருந்தான் என்று கேள்விப்பட்டேன். அந்த வாரம் நன்றாகப் போனது.

டிரயல் பேலன்ஸ் என்பது வேறொன்றுமில்லை. வருஷம் முழுவதும் எழுதிய கணக்குகளின் மொத்தங்களை, டெபிட் ஒரு பக்கம் கிரெடிட் ஒரு பக்கம் என்று அடுக்கிக் கூட்டுவது. இரண்டும் சமமாக வரவேண்டும். வந்துவிட்டால் பையன்கள் பெஞ்சைத் தட்டுவார்கள். எங்கள் ஆசிரியர் அதற்குப் பிறகு சொன்னதை நான் அடிக்கோடிட்டு வைத்தேன். இரண்டு பக்கமும் சமமாக வந்ததால் கணக்கு நேர்மையானது என்று எண்ணக் கூடாது, அடியோடு எழுதாமல் விட்ட ஒன்றை இந்தப் பட்டியல் என்றைக்கும் காட்டிக்கொடுக்காது என்றார்.

அரையாண்டு விடுமுறைக்கு அவர் ஒரு வேலை கொடுத்தார். சொந்த ஊரில் ஏதாவது ஒரு தொழிலின் பழைய கணக்கைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து வியாபாரக் கணக்கும் லாப நட்டக் கணக்கும் தயாரித்து, முதலாளியின் கையெழுத்தோடு கொண்டுவர வேண்டும். மற்றவர்களுக்கு அப்பா இருந்தார், மாமா இருந்தார். நான் நேராகத் தோல் ஷாப்பு வாசலுக்குப் போய், முதலாளி சாயபு வண்டியை விட்டு இறங்கும்போது முன்னால் நின்றேன். மயிர்க் களத்துப் பெண்ணின் மகள் என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம ஷாப்பு பொண்ணு காலேஜா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார். "ரைட்டரே, மூணு வருஷத்துக்கு முந்தின பொஸ்தகத்த இதுக்குக் குடுங்க. டாக்ஸ் கட்டி முடிஞ்ச கணக்குதான. பாத்துட்டுப் போவட்டும்."

ரைட்டருக்கு மறுக்க வழியில்லை. வராந்தாவில் கால் ஆடுகிற ஒரு ஸ்டூலைப் போட்டு, லெட்ஜரை என் மடியில் வைத்தார். "கிழிச்சிடாத. ஒங்கம்மா ஏழு ஜென்மம் அலசனாலும் தீராது."

இரண்டு நாள் எழுதினேன். மூன்றாம் நாள் கூட்டினேன். இரண்டு பக்கத்துக்கும் ஐம்பத்துநாலு ரூபாய் இடித்தது.

"இன்னாம்மா காலேஜு, ஒட்டிச்சா?" என்றார் ரைட்டர் உள்ளிருந்து.

"ஐம்பத்துநாலு ரூபா வித்தியாசம் வருதுங்க."

"பரவால்ல உடு. ஒங்கம்மா கூலில புடிச்சிக்கறேன்."

உள்ளே இருந்த தரகர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து மறுபடி பார்த்தேன். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், பெரும்பாலும் இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஐம்பத்துநாலு ஒன்பதால் வகுபடும். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு வந்தேன். செலவுகளில் ஒரு வரியில் 3,328 என்பதை 3,382 என்று எழுதியிருந்தேன். அந்த வரியின் தலைப்பு: மயிர் அலசும் கூலி.

ஓரத்தில் சும்மா வகுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம், வாரத்துக்கு அறுபத்துநாலு. பத்துப் பெண்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆறு ரூபாய் நாற்பது பைசா. சனிக்கிழமைதோறும் அம்மா முந்தானையில் முடிந்துவரும் தொகை அதுதான். மூன்று வருஷத்தில் பைசா ஏறவில்லை. மாதம் அறுபது என்று எழுதிய அதே கை இதையும் எழுதியிருந்தது.

அப்புறம்தான் அடுத்தது தோன்றியது. கூலி இருக்கிறது, மயிர் எங்கே? விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், வெட்டுத் துண்டுகூட இருந்தது. மயிர் இல்லை. வருஷக் கடைசிச் சரக்குப் பட்டியலைப் பார்த்தேன். பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு இருந்தன. மயிர் இல்லை. என் அம்மா கணக்கில் இருந்தாள். அவள் அலசிய மயிர் எங்கும் இல்லை.

3,328 என்று திருத்தினேன். இரண்டு பக்கமும் ஒட்டியது. "ஒட்டிடுச்சிங்க ஐயா" என்றேன். அவ்வளவு பணிவாக அவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு அது ரகசியமே இல்லை.

"வெள்ளிக்கெழம மொதலாளி தொழுகைக்குப் போனதும் பேரணாம்பட்டு வண்டி வரும். மூட்டைய ஏத்துவோம். ரைட்டரு பணம் வாங்குவாரு. தீவாளிக்கு எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு ரூபா குடுப்பாரு."

"மொதலாளிக்குத் தெரியுமா?"

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். "ஒனக்கு இன்னாத்துக்கு அது? கையெழுத்து வாங்கினியா, வந்தியான்னு இரு. வண்டி கிண்டின்னு வாயத் தொறந்த, பத்து பேர் சோத்துல மண்ணு."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை சுத்தமாக எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை உள்ளே போனேன். முதலாளி மேஜைக்குப் பின்னால், ரைட்டர் அவருக்குப் பக்கத்தில். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரி வரியாக இறங்கினார். விற்பனைக்குக் கீழே ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே 'மயிர் விற்பனை' என்று எழுதி, தொகை போடாமல் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தேன்.

"இது இன்னா, காலியா உட்டுருக்க?"

"அலசறதுக்குக் கூலி எழுதியிருக்கு மொதலாளி. வித்ததுன்னு எழுதல. மிச்சம் இருக்குன்னும் எழுதல. இன்னா போடறதுன்னு தெரியல, அதான் எடம் உட்டுட்டேன்."

"அது கழிவுங்க" என்றார் ரைட்டர். "குப்பை. அதுக்குப் போயி..."

முதலாளி செலவுப் பக்கத்துக்கு விரலை நகர்த்தினார். "குப்பைய அலசறதுக்கு மூவாயிரத்து முந்நூறா?"

ரைட்டர் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் நின்றது, மறு பக்கம் இறங்கிவிட்டது. காதோரம் இருந்த பேனாவை எடுத்தார். திரும்ப வைத்தார். மறுபடி எடுத்தார். கழுத்தில் வேர்வை, சட்டைக் காலருக்குள் ஒரு கோடாக இறங்கியது. எல்லாவற்றையும் நான் நன்றாகப் பார்த்தேன். அதற்காகத்தானே வந்தேன்.

முதலாளி அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஒனக்கு வேற ஏதாவது தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோடு போதும், மீதியை அவரே கண்டுபிடித்திருப்பார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. ஜன்னல் கம்பியும் நினைவில் இருந்தது.

"வெள்ளிக்கெழம நீங்க தொழுகைக்குப் போனதும் வண்டி வருது மொதலாளி" என்றேன்.

முதலாளி நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை வழக்கமான மசூதிக்குப் போகாமல், பக்கத்துத் தெருவில் தொழுதுவிட்டு, வண்டியில் பாதி மூட்டை ஏறியிருக்கும்போதே திரும்பிவிட்டார். சத்தம் இல்லை, போலீஸ் இல்லை. சாவியை மட்டும் கேட்டு வாங்கினார். ரைட்டர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று களத்துப் பெண்கள் சொன்னார்கள்.

அடுத்த மாதமே அவர்கள் சொல்வதற்கு வேறு கதை இருந்தது. மயிர் நல்ல சரக்கு என்று தெரிந்துகொண்ட முதலாளி, பேரணாம்பட்டுக்காரரையே கூப்பிட்டு விலை பேசினார். குழியோரத்திலிருந்தே ஈரமாக அள்ளிக்கொண்டு போவது, அலசுவது அவர் பாடு என்று குத்தகை முடிந்தது. களத்துக்கு வேலை இல்லை. பத்துப் பெண்களுக்கும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

குழாயடியில் ஒரு அக்கா, எங்கள் பக்கத்து வீடு, என் குடத்தைத் தள்ளி வைத்தாள். "அவன் திருடனாவே இருந்துட்டுப் போறான். சனிக்கெழமையானா ஆறு ரூபா கைல இருந்திச்சி. நீ படிச்ச படிப்பு எங்கள ஒரேயடியா பேஜார் பண்ணிட்ச்சி."

காலிக் குடத்தோடு திரும்பினேன். வீட்டுக்கு வந்து, அலசிய மயிரின் விலை, அலசாததன் விலை, கூலி, கோணி எல்லாவற்றையும் விசாரித்து எழுதிப் பார்த்தேன். முதலாளி எங்காவது தப்புச் செய்திருந்தால் நோட்டோடு போய் நிற்கலாம் என்று இருந்தேன். மூன்று முறை போட்டேன். குத்தகைதான் அவருக்கு லாபம். அந்த ஒரு கணக்காவது தப்பாக வந்திருக்கக் கூடாதா.

அம்மா வேறொரு ஷாப்பில் பட்டை சுமக்கப் போனாள். வாரக் கூலி ஒரு ரூபாய் கம்மி. முதலாளி அறையில் நடந்ததை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தேன். வாக்கை மீறியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலைந்து நாள் அப்படிப் போனது. ஒரு சாயங்காலம் வந்து, தோளைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அந்தாளு மூஞ்சி எப்பிடிப் போச்சின்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

"மொதல்ல சிரிச்சாரும்மா" என்று ஆரம்பித்தேன்.

"சிரிச்சானா" என்றாள் அம்மா, காலை நீட்டிக்கொண்டு. "மெதுவா சொல்லு."