விரிசல் மேல் வரைந்த கொடி

சொந்தமில்லாத சுவருக்கு ஒருத்தி எவ்வளவு உழைக்கலாம்? நாகமணியின் வாழ்க்கை சுற்றிச் சுற்றி இந்தக் கேள்வியிடமே வந்து நின்றது. அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "சும்மா கெடந்துது, செஞ்சேன்" என்றிருப்பாள். அது பதில் ஆகாது.

கணவன் இறந்த வருடம் மகள் ரித்திகாவுடன் சுந்தராபுரத்தில் அந்த வீட்டுக்குக் குடிவந்தாள். முன்னால் வீட்டுக்காரி கருப்பாத்தாளின் பெரிய வீடு. அதன் முதுகில் ஒட்டினாற்போல் இரண்டு அறைகள், அவைதான் வாடகைக்கு. பகலிலும் விளக்குப் போட வேண்டும். கூடத்துச் சுவரில் மேல்மூலையில் தொடங்கிய விரிசல் கோணல் கோணலாகத் தரைவரை இறங்கியிருந்தது. அதைச் சொன்னதற்குக் கருப்பாத்தாள் சிரித்தாள்.

"செவுருன்னா கீறல் இருக்காதுங்களா அம்மணி? அது பாட்டுக்கு இருக்கும், நீங்க பாட்டுக்கு இருங்க."

நாகமணிக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கழிவில் போகும் துணித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைச் சடைபோல் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்துத் தரைவிரிப்பு ஆக்கினாள். கல்யாணத்துக்கு எடுத்த நெகமம் கைத்தறிச் சேலைகள் இரண்டும் சன்னல் திரைகள் ஆயின. யார் வீட்டிலோ பூச்சு வேலை முடிந்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ட்டைக் கேட்டு வாங்கி, இடுப்பளவுக்கு மட்டும் அடித்தாள். கணவனின் சவரக் கண்ணாடிக்கு எதிலோ கழற்றிய சட்டம் போட்டு, சன்னலுக்கு நேர் எதிரே மாட்டினாள். காலை வெளிச்சம் அதில் பட்டு உள்ளறைவரை போயிற்று.

விரிசலை மட்டும் எதைக் கொண்டும் மறைக்க முடியவில்லை. கடைசியில் அதையே தண்டாக வைத்து ஒரு கொடி வரைந்தாள். கோணல் திரும்பிய இடத்தில் எல்லாம் ஓர் இலை. தரையருகே, விரிசல் இரண்டாகப் பிளந்த இடத்தில், ஒரு மொட்டு.

ஆறு வருடத்தில் இதெல்லாம் சேர்ந்தது. வாடகை வாங்க வந்த கருப்பாத்தாள் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவள் கண் மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுப் போகும்.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. மகன் தமிழ்வேந்தனுக்கு முப்பத்துநாலு முடிந்துவிட்டது. சொந்தமாக லேத் பட்டறை, குணமான பையன். ஆனால் பெண் அமையவில்லை. பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளையின் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். பெரிய வீட்டுக் கூடத்தில் பட்டறைச் சாமானும், புண்ணாக்கு மூட்டையும், உறை பிரிக்காத பிளாஸ்டிக் நாற்காலிகளும், ஏழு காலண்டர்களும் இருந்தன. மூன்று குடும்பங்கள் வந்து காப்பி குடித்துவிட்டுப் போயின. மூன்றிடமிருந்தும் தகவல் இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் கருப்பாத்தாள் பின்வீட்டுப் படியேறி வந்தாள்.

"ஏனுங் நாகமணி, ஆனைமலைப் பக்கம் ஒரு எடம் வந்திருக்குதுங்க. நாயித்துக்கெழமை ஊடு பாக்க வாராங்க. ஒரு நாளைக்கு உங்க ஊட்ட எங்க ஊடுன்னு காட்டிக்கறேன்."

"அப்ப பெரிய ஊடு?"

"அது குடோனுன்னு சொல்லிக்கலாம்."

நாகமணிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாக்கியத்தில் அது நின்றது.

"தையில ஊட்டக் காலி பண்ணச் சொல்லலாம்னு இருந்தேனுங்க. இதச் செஞ்சு குடுத்தீங்கன்னா, பாப்பா பரிச்சை முடியற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

ரித்திகா பிளஸ் டூ. மார்ச்சில் பொதுத்தேர்வு. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. நாகமணி ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கருப்பாத்தாள் வந்து, சுவரிலிருந்த நாகமணி கணவனின் படத்தைத் தன் கையாலேயே கழற்றினாள். "செத்தவிய மொகம் நல்ல காரியத்துக்கு ஆகாதுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க." படம் அரிசி டிரம்முக்குள் போயிற்று. அந்த ஆணியில் தமிழ்வேந்தன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தொங்கினான். ரித்திகா புத்தகங்களோடு மோட்டார் அறைக்கு அனுப்பப்பட்டாள்.

"நீங்க நல்ல சீலை கட்டிக்காதீங்க அம்மணி. ஒத்தாசைக்கு வந்தவிய மாதிரி இருக்கட்டும்."

பெண்ணின் தாய் புவனா நடுத்தர வயதுக்காரி, தென்னந்தோப்பை ஒண்டியாகப் பார்த்துக்கொள்கிறவள். உட்காருவதற்கு முன் சுவரையும் கூரையையும் பார்த்தாள். பிறகு சன்னலண்டை போய்த் திரையை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள்.

"எங்க வாங்குனீங்க?"

"பெங்களூருங்க. பையன் ஆர்டர் போட்டு வரவெச்சான்."

"பெங்களூர்ல நெகமத்துச் சீலை விக்கறாங்களாக்கும்?"

தமிழ்வேந்தன் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பித் தட்டோடு நின்ற நாகமணி வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். அந்த ஒன்றுதான் அவள் செய்ய வேண்டியிருந்தது.

"பழைய சீலைங்க. டீத்தூளக் கொதிக்க வெச்ச தண்ணியில உப்புப் போட்டு ஊற வெச்சா இந்த நெறம் வரும்" என்றாள்.

புவனா திரும்பினாள். "நீயா செஞ்சே?"

"எங்கூட்டு வேலைக்காரப் புள்ளைங்க. கைவேலைக்காரி" என்றாள் கருப்பாத்தாள், கண் இமைக்காமல்.

நாகமணிக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். ஆறு வருடத்தில் அந்த வீட்டைப் பற்றி ஒருவர் கேட்டது அதுவே முதல்முறை. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். பெயின்ட்டை இடுப்பளவோடு நிறுத்தி மேலே வெள்ளையாக விட்டால்தான் கூரை உயர்ந்து தெரியும் என்றாள். கண்ணாடியை அழகான இடத்தில் மாட்டக் கூடாது, வெளிச்சம் விழுகிற இடத்தில் மாட்ட வேண்டும் என்றாள். விரிப்பைத் திருப்பி அடிப்பக்கத் தையலைக் காட்டினாள். கொடியின் தண்டில் புவனாவின் விரலைப் பிடித்து வைத்து, "தடவிப் பாருங்க, இது கீறலு" என்றாள். அவள் முகம் அன்று எப்படி இருந்தது என்று பார்க்க ரித்திகா அங்கே இல்லை. நல்லதுதான்.

புவனா வாய்விட்டுச் சிரித்தாள்.

"பெங்களூரு ஆர்டருன்னதும் செலவாளிக் குடும்பம்னு பயந்துபோட்டேன். இப்பத்தான் மனசு ஆறுச்சு. எம் புள்ள இந்த ஊட்லதான் குடித்தனம் பண்ணோணும். இதுல ஒண்ணையும் கழட்டப்படாது. செரிங்களா?"

"அதுக்கென்னங்க!" என்றாள் கருப்பாத்தாள்.

மாசியில் கல்யாணம் குறித்தார்கள். மறுநாளே கருப்பாத்தாள் வந்து தை பிறந்ததும் காலி செய்யச் சொன்னாள். குரலில் ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை.

"பரிச்சை முடியட்டும்னு சொன்னீங்களே…"

"சொன்னேனுங்க. அவிய இந்த ஊட்டையே கேப்பாங்கன்னு நானு கண்டனா? நீங்க பேசாம இருந்திருந்தா இந்த எடமே அமைஞ்சிருக்காது. உங்க வாய்தானுங்க நிச்சயம் பண்ணுச்சு." வாசல்வரை போய்த் திரும்பினாள். "பரிச்சைய எந்த ஊட்ல இருந்து எழுதுனா என்னங்க, கேள்வி ஒண்ணுதானே?"

மதுக்கரையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று கிடைத்தது. கிளம்பும் நாளில் ரித்திகா நாற்காலி போட்டு ஏறித் திரையைப் பிடுங்கினாள்.

"எறங்கு."

"உன்ற கல்யாணச் சீலைம்மா இது."

"எறங்குன்னேன்."

"பிச்சைக்காரி மாதிரி எல்லாத்தையும் வெச்சுட்டுப் போ. வேலைக்காரின்னு சொன்னாளாமே, அதுதான் நீ."

நாகமணி மகளை அறைந்தாள். பிறகு திரையை எடுத்து மறுபடி மாட்டி, கொசுவத்தைச் சரிசெய்தாள். அரிசி டிரம்மிலேயே கிடந்த கணவன் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மதுக்கரை வீட்டில் துடைக்கத் துடைக்க சிமென்ட் ஆலைத் தூசி படிந்தது. ரித்திகா காலையில் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனாள். பஸ்ஸிலேயே படித்தாள், பஸ்ஸிலேயே தூங்கினாள். அம்மாவிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அந்த வீட்டுச் சுவரில் பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன இரண்டு ஆணிகள் இருந்தன. அவற்றில் நாகமணி எதையும் மாட்டவில்லை. கணவனின் படம் சுவரைப் பார்த்தபடி பீரோவின் மேல் கிடந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. அன்று ரித்திகாவுக்கு முதல் தேர்வு.

"ஏனுங் நாகமணி, நல்லாருக்கீங்களா? அந்தக் கொடி இருக்குதுல்லங்க, கீறலு அகண்டு பெயின்ட்டெல்லாம் உதுந்து கெடக்குது. ஆனைமலைக்காரங்க சாயங்காலம் சீர்ச் சாமான் எறக்க வாராங்க. வந்து ஒரு கை பாத்துட்டுப் போயிருங்க."

போனில் வந்த குரல் அறை முழுவதும் கேட்டது. ரித்திகா ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "என்னைக் கொண்டுபோய் விடறேன்னு சொன்னியே?"

நாகமணி பரணில் துணி சுற்றிக் கிடந்த தூரிகையை எடுத்தாள். முடியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.

பஸ்ஸில் இருவரும் சேர்ந்துதான் போனார்கள். சுந்தராபுரத்தில் இறங்கியதும் ரித்திகா பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பி நின்று காத்தாள். அம்மா வேறு பக்கம் நடந்தாள்.

கருப்பாத்தாள் காப்பி நீட்டினாள். நாகமணி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். விரிசலின் ஒரு கிளை பக்கவாட்டில் நான்கு விரல் நீளம் வளர்ந்து மொட்டைத் தாண்டிப் போயிருந்தது. மதியம்வரை வேலை செய்தாள். உதிர்ந்த இலைகளை முன்னிருந்தபடியே வரைந்தாள். விரிசல் புதிதாக ஓடிய இடத்தில் யாரும் கேட்காத இரண்டு இலைகளை வரைந்து, ஒரு பூவையும் மலர்த்திவிட்டு, தூரிகையைக் கழுவி அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.