படகுக்கு அடியில் படுத்த அத்தான்

போன வாரம் ஓட்டமாவடியில் இரும்புக்கடை முதலாளி காக்கா ஒரு பெட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தார். படகுத் தகட்டுக்குப் போடும் புதுமாதிரி ரிவெட் ஆணி. துவக்கு மாதிரி விசை வைத்த ஒரு சாமானில் சொருகி அமுக்கினால் தானாகவே இறுகிவிடுமாம். "இனி அடியில படுக்க ஆள் தேவல்ல தம்பி. ஒராளே ஓட்டயெல்லாம் அடச்சிரலாம்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

எங்கள் படகுக்கு அடியில் படுத்தவர் என் அத்தான். அக்காவைக் கட்டியவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அக்காவின் கலியாணம் முடிந்த மறுநாளே, பிறந்த வீட்டில் நான் விருந்தாளி. என் கட்டிலை விறாந்தைக்கு இழுத்துப் போட்டவர் அவர்தான், அதுவும் சீட்டி அடித்துக்கொண்டு. கட்டிலையாவது மன்னித்திருப்பேன், சீட்டியை என்னால் தாங்க முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் அப்பா விட்டுப்போன அலுமினியப் படகு இருவருக்கும் பொது. வாவிக்கரைக் கண்டல் மரங்களின் வேர்களில் உரசி உரசி அதன் அடி ஆணிகள் தளர்ந்துவிடும். கரையேற்றி, மரக்கட்டைகள் மேல் வைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றுவோம். எங்கே சொட்டுகிறதோ அங்கே கரிக்கோடு. பிறகு தண்ணீரை இறைத்துவிட்டு, பழைய ஆணியைத் துளைத்தெடுத்துப் புதியது போடவேண்டும். அத்தான் அடியில் மல்லாந்து படுத்து ஆணியைப் பெருவிரலால் மேலே தள்ளுவார். அதன் தலைக்கு இரும்புக்கட்டியை முண்டுகொடுத்ததும் தகட்டில் ஒரு தட்டு தட்டுவார். அப்போதுதான் உள்ளே நிற்கும் நான் சுத்தியலால் அடிக்கலாம். பேச்சே தேவைப்படாத வேலை, எங்களுக்கென்றே செய்த மாதிரி.

ஒருநாள் உச்சி வெயில். தகடு என் காலைச் சுட்டுக்கொண்டிருந்தது. கீழே, நிழலில், அந்த மனுஷன் சீட்டி அடிக்கத் தொடங்கினார். ஆணியின் நுனி மேலே வந்தது. நான் தட்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஓங்கி அடித்தேன். ஆணி அவருடைய பெருவிரலில் இறங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சீட்டி நின்றது. தூஷணத்தால் ஏசுவார், எழும்பி வந்து அறைவார் என்று சுத்தியலோடு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து ஒரு தட்டுத்தான் வந்தது. மிச்சம் ஏழு ஆணியையும் அப்படியே அடித்து முடித்தோம்.

வீட்டுக்குப் போனதும் அக்கா பிளந்த நகத்தைக் கண்டு பதறினாள். "என்ன நடந்த?"

"கட்ட உருண்டிட்டு," என்றார் அத்தான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய மனுஷனாம்! அன்றிலிருந்து அவரை இரண்டு மடங்கு வெறுத்தேன். படகில் ஒன்றாகப் போனோம், ஒரே வலையை இழுத்தோம், பதினெட்டு வருடம் கொஞ்சமும் குறையாமல் வெறுத்தேன். அப்படி ஒழுங்காக நான் வேறெந்தக் காரியத்தையும் செய்ததில்லை.

போன மாரி மழைக்கு முன்னால் அவர் செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து சனமெல்லாம் போன பிறகு அக்காவிடம் வாயைத் திறந்தேன். "அக்கா, அண்டைக்கு அத்தாண்ட விரல்..."

"தெரியும் தம்பி," என்றாள் அவள், சட்டி கழுவிக்கொண்டே. "நீ வேணுமெண்டுதான் அடிச்சயெண்டு அண்டைக்கே சொன்னவர். உன்னட்ட ஒண்டும் கேக்கப்படாதெண்டு என்னட்டச் சத்தியமும் வாங்கினவர்."

அத்தனை வருடமும் அதைத் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவரும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்.

எவ்வளவு பாடுபட்டு வளர்த்த கோபம்! இப்போது தேடிப் பார்க்கிறேன், காணவில்லை. அதையும் அந்த மனுஷன் தன்னோடு கொண்டுபோய்விட்டார் என்று நினைக்கத்தான் எரிச்சலாக இருக்கிறது.